கன்னியப்பன் பேரில் ஓடிய கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செவிலிமேட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு, கையில் பிளாஸ்டிக் உறையோடு நின்றார். முப்பது வயது இருக்கும். “சார், கன்னியப்பன்றவரு வீடு இதுதானுங்களா?” என்று கேட்டார்.

அந்தப் பேரை இன்னொருவர் வாயால் கேட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேட்ட மாத்திரத்தில் எனக்கு வயிறு எரிந்தது. காலையில் தின்ற இட்லியில் மிளகு தூக்கல், அதனால்தான் என்று முதலில் என்னை நானே ஏமாற்றப் பார்த்தேன். ஆனால் இந்த எரிச்சலை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும். பல் போய்விட்டது, ஒரு காது போய்விட்டது, முட்டி மடங்குவதில்லை. பொறாமை மட்டும் இருபது வயதில் இருந்தபடியே திடகாத்திரமாக இருக்கிறது.

வந்தவர் பேர் விக்னேஷ். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. துணிக்கூரை போட்ட பழைய மோரிஸ் கார் ஒன்றை, எங்கோ ஒரு ஷெட்டில் கோழி அடைத்துவைத்திருந்த நிலையில் கண்டுபிடித்து வாங்கியிருக்கிறார். இரண்டு வருஷம் மெனக்கெட்டு, புத்தம் புதுசுபோல ஓடவைத்துவிட்டாராம். பழைய கார்க்காரர்கள் கூடும் கண்காட்சியில் நிறுத்தப்போகிறார். காரை மட்டும் கொண்டுபோய் நிறுத்தினால் போதாதாம். அது முதலில் யாரிடம் இருந்தது, அப்புறம் யார் யாரிடம் போனது, அதற்கெல்லாம் அசல் காகிதம் எங்கே என்று வம்சாவளியே காட்ட வேண்டுமாம். எங்கள் காலத்தில் பெண் கொடுக்கிறவர்கள்கூட இவ்வளவு விசாரித்ததில்லை.

உறைக்குள்ளிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். காரின் ஆர்.சி. புத்தகம். கரையான் தின்று அட்டை பாதிதான் மிச்சம். கூடவே, பதிவு ஆபீசின் பழைய கட்டுகளைப் பிரிக்கவைத்து வாங்கிய ஒரு விண்ணப்பத்தின் நகல். முதல் சொந்தக்காரர் மதராசில் இருந்த ஒரு வெள்ளைக்காரர். இரண்டாவது வேலூரில் ஒரு டாக்டர். மூன்றாவது கன்னியப்பன், காஞ்சிபுரம். விலாசம் மட்டும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பழைய வீட்டினுடையது. அங்கே போய் விசாரித்திருக்கிறார். அந்த வீட்டை இடித்து இப்போது மூன்று மாடி நிற்கிறது. தெருமுனைப் பூக்காரம்மாதான், அந்த வீட்டுக்காரர் செவிலிமேட்டுக்குக் குடிபோய்விட்டார் என்று வழி சொல்லியிருக்கிறார்.

“இவரு யாரு சார், பெரிய பட்டு முதலாளியா? இல்ல மிராசுதாரா?”

“அவன்கிட்ட சைக்கிளே கெடயாதுப்பா” என்றேன்.

விக்னேஷ் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கிப் பிரித்தேன். பழைய பசை, ஈரம், கொஞ்சம் கிரீஸ், எல்லாம் கலந்து ஒரு வாசனை. அதோடு கற்பூரமும் மணந்த மாதிரி இருந்தது. அது என் மூக்கின் வேலையாகவும் இருக்கலாம். காந்தி ரோட்டில் நான் வேலை பார்த்த பட்டுக் கடையில், காலையில் கற்பூரம் ஏற்றாமல் ஒரு புடவையைத் தொட முடியாது. அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன், மதராசிலிருந்து வரும் சீமாட்டிகளிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசக்கூடியவன், முத்து முத்தான கையெழுத்துக்காரன். இவ்வளவையும் நானே சொல்லிக்கொள்கிறேன் பாருங்கள். அப்போதும் வேறு யாரும் சொல்லவில்லை, அதுதான் என் துக்கமே.

போணி என்றால் உங்களுக்குத் தெரியும், நாளின் முதல் வியாபாரம். எல்லாக் கடையிலும் உண்டு. எங்கள் கடையில் அதற்குச் சட்டதிட்டம் இருந்தது. வெள்ளை விரித்த மெத்தைமேல் முதல் ஆளாக வந்து உட்காருகிறவர்கள் வெறுங்கையோடு எழுந்து போகக்கூடாது. போனால் அன்றைக்கு வியாபாரம் விளங்காது. முதலில் பிரிக்கிற புடவை மாம்பழ மஞ்சளாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அரக்கு. கறுப்பு கலந்தது கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முதல் புடவையைக் கைராசி உள்ள ஆள்தான் பிரிக்கவேண்டும். அந்தக் கைராசிக்காரன்தான் கன்னியப்பன்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து நடந்து வருவான். என்னைவிட இரண்டு வயது பெரியவன். எட்டாம் வகுப்பு தாண்டாதவன். ஒல்லி உடம்பு, அதற்குப் பொருத்தமே இல்லாத அகலமான உள்ளங்கை. வாடிக்கையாளர்களிடம் பேச்சே கிடையாது. புடவையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், ஒரு உதறு உதறி மெத்தைமேல் விரிப்பான், பேசாமல் உட்கார்ந்திருப்பான். அவர்களும் வாங்கிவிடுவார்கள். நான் சரிகையைப் பற்றி, கரையைத் தனியாகச் சேர்த்து நெய்கிற கோர்வையைப் பற்றி, முந்தானையில் இருக்கும் யாளியைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்தாலும், “கொஞ்சம் சுத்திப் பாத்துட்டு வரோம்” என்று எழுந்துவிடுவார்கள்.

ஒருமுறை அவனுக்குக் காய்ச்சல். வரவில்லை. முதலாளி வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டார். நான் விரித்த முதல் புடவையைப் பார்த்து, திண்டிவனத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் “அப்புறமா வரோம்” என்று எழுந்தது. முதலாளி உடனே ரிக்‌ஷாவை அனுப்பி, கம்பளி போர்த்திய கோலத்தில் கன்னியப்பனைத் தூக்கிவரச் செய்தார். அவன் நடுங்கிக்கொண்டே ஒரு புடவையைப் பிரித்துப் போட்டான். அது விற்றது. அதே ரிக்‌ஷாவில் ஏற்றித் திரும்ப அனுப்பினார்கள். நான் அன்று மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இப்படி இருந்த நாளில்தான் முதலாளி அந்தக் காரை வாங்கினார். கன்னங்கரேலென்று, மடக்குகிற துணிக்கூரையோடு, திரும்பும்போது பக்கவாட்டில் கை மாதிரி நீட்டிக்கொள்கிற சிக்னல் விளக்கோடு வந்து நின்றது. உள்ளே தோல் இருக்கை. கதவைத் திறந்தால் தோல் வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து அடிக்கும். பட்டு வாசனையிலேயே கிடந்த எங்களுக்கு அது சீமை வாசனை. கடையில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்து நின்று மூக்கை இழுத்தோம்.

முதலாளியம்மா மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை. அவர்கள் வீட்டில் தெலுங்கு. கோபம் வந்தால்தான் தெலுங்கு வெளியே வரும்.

“ஏமண்டி, அந்த வேலூர் டாக்டரு இத வாங்குன வருஷமே படுத்த படுக்கையா ஆனாராமே? அவருக்கு முன்னாடி வெச்சிருந்த தொரைக்கும் ஏதோ ஆச்சுன்னாங்க. இத ஒங்க பேருக்கு எழுதுனா நான் பொறந்த வூட்டுக்குப் போயிடறேன்.”

“அதுக்காக வாங்குன காரை இன்னாம்மா பண்ணச் சொல்றே?”

“கன்னியப்பன் பேர்ல போடுங்க. அவன் கை பட்டா எதுவும் வெளங்கும்.”

இதைத்தான் நான் விக்னேஷுக்குச் சொல்லிப் புரியவைக்கப் படாதபாடு பட்டேன். வரி ஏய்ப்பா என்றார். பினாமியா என்றார். இல்லையப்பா, கைராசி என்றேன். முதல் புடவைக்கு ஒரு கை இருப்பதுபோல முதல் காருக்கும் ஒரு கை. எங்கள் ஊர்ப் பட்டுக் கடைக்காரர்களுக்கு இது ஒரு பெரிய யோசனையே இல்லை. சட்டம் என்ன சொல்லும், காகிதத்தில் பேர் இருக்கிறவன்தான் சொந்தக்காரன் என்றால் நாளைக்கு என்ன ஆகும் என்றெல்லாம் ஒருவரும் நினைக்கவில்லை. கறுப்பு ஆகாது என்று காருக்கு அரக்கு வர்ணம் அடித்தார்கள். வர்ணக்காரருக்குச் சாயல் காட்ட ஒரு புடவையின் முந்தானையையே எடுத்துப் போனார்கள்.

பதிவு ஆபீஸ் அப்போது வெளியூரில். பஸ் பிடித்துப் போகவேண்டும். கன்னியப்பனுக்கு இங்கிலீஷ் எழுத வராது என்பதால் கூட என்னை அனுப்பினார்கள். யோசித்துப் பாருங்கள். எவன் பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுமோ, அவன் பேரைக் கார் சொந்தக்காரன் என்று நானே என் முத்து முத்தான எழுத்தில் எழுதவேண்டும். ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெஞ்சு. மடியில் விண்ணப்பம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

“இன்னாபா, மை இல்லியா?” என்றான் கன்னியப்பன்.

பேரை எழுதினேன். அடுத்த கட்டம் விலாசம். “வெலாசம் சொல்றேன், எழுதிக்கோ” என்று அவன் ஆரம்பித்தான். வாடகைக் குடித்தனக்காரன், வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிறவன். இருந்தாலும் வீட்டுக்காரர் பேரிலிருந்து தொடங்கி, சந்து, அடையாளம் எல்லாம் சொன்னான். நான் தலையாட்டிக்கொண்டே எங்கள் வீட்டு விலாசத்தை எழுதினேன். அடிக்கடி வீடு மாறுகிறவனுக்கு நிலையான விலாசம் வேண்டாமா என்று அப்போது ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பேர்தான் எனக்கு இல்லை, விலாசமாவது இருக்கட்டும் என்ற அல்ப ஆசை. கடையில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். ஆர்.சி. புத்தகம் முதலாளியின் பெட்டிக்குள் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் சில நாள் எனக்கு ஒரே சந்தோஷம். கார் சம்பந்தமான கடிதாசு ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. தபால்காரர் தெருவே கேட்கும்படி, “கார் வெச்சிருக்கிற கன்னியப்பன் ஒங்க வூட்ல யாருபா?” என்று கேட்டார். “நம்மாளுதாங்க” என்று வாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் அன்றிலிருந்து என்னை ‘வாங்க’ போட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. ஏனென்றால் வெள்ளிக்கிழமைதோறும் கடை வாசலில் ஒரு கூத்து நடக்கும். கார் அன்றைய முதல் பயணம் கிளம்புவதற்கு முன் கன்னியப்பனை டிரைவர் சீட்டில் உட்காரவைப்பார்கள். அவனுக்கு ஓட்டத் தெரியாது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான். முதலாளியம்மா எலுமிச்சம்பழம் வைப்பார். அப்புறம் அவன் இறங்குவான், டிரைவர் ஏறுவார். காருக்குப் போணி! அவன் அந்த ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு என்ன நினைத்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு அடங்காத ஆவல். கேட்டதில்லை. கேட்டால் என் ஆசை அவனுக்குத் தெரிந்துவிடுமே.

வைகாசி கருட சேவைக்கு முதலாளியம்மா காரில் போனார். பெருமாள் பவனி வரும் வழியிலேயே டிரைவர் காரை நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார். போலீஸ்காரர்கள் காரைத் தள்ளி ஓரம் கட்டி, நம்பரைக் குறித்துக்கொண்டு போனார்கள். சின்ன விஷயம். எல்லோரும் மறந்தே போனோம்.

ஆனிமாதம் ஒரு காலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிள்.

“கன்னியப்பன் யாருபா?”

“இன்னாங்க விஷயம்?”

“சாமி வர்ற வழியில காரை நிறுத்திட்டாருன்னு கேசு. கோர்ட்டுக்கு வரணும். சம்மன் இருக்குது.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டியது, அவன் இங்கே இல்லை, கடைக்குப் போனால் பார்க்கலாம் என்பதுதான். சொன்னால் அவன் விலாசம் எப்படி இங்கே வந்தது என்று கேள்வி வரும். “வெளிய போயிருக்காருங்க” என்றேன்.

“நீ யாரு, கூடப் பொறந்தவனா? வூட்டு ஆம்பளைங்க யாரு கையெழுத்துப் போட்டாலும் போதும்.”

“ஆமாங்க, தம்பி.”

கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். காகிதத்தில் அவன் பேரைப் பார்த்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. கோர்ட்டே அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது!

அன்றைக்கே கொடுத்துவிடத்தான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே கார் கிளம்பத் தயாராக நின்றது. மதராசில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். புடவைகளை வீட்டுக்கே கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலீஷ் பேசும் குடும்பம். நான் தலையைப் படிய வாரிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். முதலாளி என்னைத் தாண்டிப் பார்த்து, “கன்னியப்பா, ஏறு” என்றார். அவன் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். துணிக்கூரையை மடித்திருந்தார்கள். காற்றில் அவன் சட்டை உப்பிக்கொண்டு போனது எனக்கு இன்னும் தெரிகிறது.

சாயங்காலம் திரும்பி வந்தான். கொண்டுபோன புடவைகள் அத்தனையும் தீர்ந்துவிட்டன. கல்யாண வீட்டில் கொடுத்த மைசூர்பாகைத் துண்டில் முடிந்து எடுத்துவந்திருந்தான். பாதியை எனக்குக் கொடுத்தான். “ஒனக்கோசரம் எடுத்தாந்தேன்பா. நெய் எப்பிடி வழியுது பாரு.” நான் அதைத் தின்றேன். சட்டைப் பையில் சம்மன் இருந்தது. ருசியான மைசூர்பாகு. சம்மனைக் கொடுக்கவில்லை.

நாளைக்குக் கொடுக்கலாம் என்று ஒரு நாள். அடுத்த நாள் மறந்துபோனதாக எனக்கு நானே நடித்தேன். மூன்றாம் நாள் அதை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அடியில் போட்டு மூடினேன். கோர்ட் தேதி வந்தது, போனது. சின்ன அபராதம்தானே, இன்னொரு கடிதாசு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். உங்களிடம் மறைப்பானேன், அவனுக்கு ஏதாவது ஒரு சின்னச் சிராய்ப்பு ஏற்படட்டும் என்று உள்ளுக்குள் ஆசையாகவும் இருந்தது.

ஆவணி பிறந்து முகூர்த்த வியாபாரம் சூடு பிடித்த நேரம். காலையில் முதல் ஆட்களாக மதராசிலிருந்து ஒரு கல்யாணக் குடும்பம் வந்து உட்கார்ந்தது. கற்பூரம் ஏற்றியாயிற்று. கன்னியப்பன் மாம்பழ மஞ்சள் முகூர்த்தப் புடவையைக் கண்ணில் ஒற்றி, உதறி விரித்தான். கல்யாணப் பெண் கையை நீட்டிச் சரிகையைத் தடவினாள். அப்போது இரண்டு போலீஸ்காரர்கள் செருப்போடு உள்ளே வந்தார்கள்.

“கன்னியப்பன் யாரு? வாரண்ட் இருக்குது. சம்மன் வாங்கிக்கினு கோர்ட்டுக்கு வரலை.”

பிள்ளையார்பாளையத்தில் விசாரித்ததில் பட்டுக் கடையில் இருப்பான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கன்னியப்பன் எழுந்து நின்றான். கையில் புடவையின் ஒரு முனை இருந்தது. அதைக் கீழே போட்டால் கசங்கிவிடும் என்று நினைத்தானோ என்னவோ, அவர்கள் தோளைப் பிடித்தபோதுகூட அதை நாலாக மடித்து வைத்துவிட்டுத்தான் நகர்ந்தான். “நான் எதுவும் வாங்கலீங்களே” என்று ஒருமுறை சொன்னான். கல்யாணக் குடும்பத்தில் மூத்த அம்மாள் முதலில் எழுந்தார். அவரோடு எல்லோரும் எழுந்தார்கள். வெறுங்கையோடு போனார்கள்.

மத்தியானத்துக்குள் முதலாளி போய் அபராதம் கட்டி அவனை அழைத்துவந்துவிட்டார். கோர்ட்டைப் பொறுத்தவரை அதோடு தீர்ந்தது. சாயங்காலம் கடை கட்டும்போது நானும் அவனும் மெத்தை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்தோம்.

“கோர்ட்டுல கேட்டாங்கபா” என்றான். “ஒன் தம்பி கையெழுத்துப் போட்டு சம்மன் வாங்கிக்கினான், அப்பறம் ஏன் வரலைன்னு. அந்தக் காயிதத்தக் காட்டுனாங்க.”

நான் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

“எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுபா. ஆனா ஒன் எழுத்து தெரியும். தெனமும் பொடவைச் சீட்டுல பாக்கறேனே.”

“இன்னா சொன்னே அவங்ககிட்ட?”

“ஆமாங்க, தம்பிதான். வெளயாட்டுப் புள்ள, மறந்துட்டான்னு சொல்ட்டேன்.”

அவ்வளவுதான். விரிப்பை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். முதலில் எனக்கு வந்தது நிம்மதி. முதலாளியிடம் சொல்லமாட்டான் என்ற நிம்மதி. அப்புறம் கூசியது. வீட்டுக்கு நடந்து போகும்போது பழைய எரிச்சலும் வந்துவிட்டது. நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். இதிலும் அவன் என்னை ஜெயித்துவிட்டான்.

முதலாளியம்மா மறுநாள் காலை கடைக்கே வந்துவிட்டார். “போலீஸ் புடிச்ச கை. அந்தக் கையால இனிமே மொதப் பொடவ பிரிக்க வாணாம்.” கன்னியப்பனைப் பின்கட்டில் புடவை மடிக்கப் போட்டார்கள். காரையும் விற்றார்கள், அரக்கோணம் பக்கம் ஒரு சினிமாக் கொட்டகைக்காரருக்கு. அந்த விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன். பழைய விலாசமே இருக்கவேண்டும் என்பதால் மறுபடியும் எங்கள் வீட்டு விலாசம். கன்னியப்பன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவன் விலாசம் எதுவும் சொல்லவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

முதல் புடவை என் கைக்கு வந்தது. இத்தனை வருஷம் ஏங்கியது. கண்ணில் ஒற்றினேன், உதறினேன், அவனைப் போலவே பேசாமல் உட்கார்ந்தேன். விற்றது. மறுநாளும் விற்றது. ஒரு வாரம், ஒரு மாதம், தினமும் விற்றது. முதலாளி என்னைக் கைராசிக்காரன் என்றார். கல்யாண சீசனில் காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறி வருகிறவர்கள் புடவை வாங்கத்தான் வருகிறார்கள், எவன் பிரித்துப் போட்டாலும் வாங்குவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் இவ்வளவு நாளும் ஒன்றுமில்லாத ஒன்றுக்காக வெந்திருக்கிறேன். அந்த ஒன்றுமில்லாததைத்தான் அவனிடமிருந்து பிடுங்கவும் செய்திருக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு நாள் அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பெங்களூர்ப் பக்கம் போய்விட்டான் என்றார் ஒருவர். திருப்பதியில் பார்த்ததாக இன்னொருவர். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னை யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். யாரும் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

இதையெல்லாம் இப்படி வரிசையாக விக்னேஷிடம் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். முன்னும் பின்னுமாகச் சொன்னேன். நடுவில் காபி வந்தது. சம்மன் கட்டத்தில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். நிறுத்தவேண்டாம், எழுதுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, கைபேசியில் காரின் படங்களைக் காட்டினார். மேலே நாலைந்து வர்ணம் சுரண்டிய பிறகு அடியில் அரக்கு இருந்ததாம். அதே அரக்கையே மறுபடி அடித்திருக்கிறார். வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. எனக்கு இன்னும் ஒருமுறை வயிறு எரிந்தது. கண்காட்சியில் காருக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்து அத்தனை சொந்தக்காரர்கள் பேரும் போடப்போகிறார். வெள்ளைக்காரத் துரை, டாக்டர், கன்னியப்பன் என்று வரிசை. என் பேர் எங்கும் வராது. இந்த வயதிலும் அது உறுத்தியதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

“தொரையோட பேரன் லண்டன்லேர்ந்து போட்டோ அனுப்பிட்டாரு சார்” என்றார் விக்னேஷ். “டாக்டரோட பொண்ணு வேலூர்லதான் இருக்காங்க. கொட்டகைக்காரர் குடும்பத்தயும் புடிச்சிட்டேன். இவரு ஒருத்தர்தான் பாக்கி. இவரோட நெஜமான வெலாசம் எது சார்? அக்கம்பக்கத்துல கேட்டா புள்ளைங்க யாராவது கெடைப்பாங்க. ஐம்பது வருஷமானாலும் ஒரு வீடு தெரிஞ்சா போதும், புடிச்சிடலாம்.”

அவர் பிடித்துவிடுவார், சந்தேகமில்லை. கோழிக்கூண்டாகக் கிடந்த காருக்கு லண்டன்வரை தாயாதி தேடிப் பிடித்தவர். கன்னியப்பன் எங்காவது இருந்தாலும், இல்லாவிட்டால் அவன் பிள்ளைகளாவது இருந்தாலும், போய் நிற்கலாம். சொல்லவேண்டியதைச் சொல்லலாம். சின்ன காஞ்சிபுரம் என்றேன். எந்தத் தெரு, எந்தச் சந்து என்று நினைவைத் துழாவினேன்.

விக்னேஷ் காகிதங்களை உறைக்குள் அடுக்கிக்கொண்டு, “ஞாபகம் வந்தா ஒரு போன் பண்ணுங்க சார்” என்று நம்பரை எழுதிவைத்துவிட்டுப் போனார்.

காந்தி ரோட்டுக் கடை இப்போது கைபேசிக் கடை. முதலாளி, முதலாளியம்மா, டிரைவர் யாரும் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தின் சந்துகளில் பாதி அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. போன வாரம் மகன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அங்கே ஒவ்வொரு சந்தாகப் போய்ப் பார்த்தேன். பதிவு ஆபீஸ் வராந்தாவில் அவன் அன்று இரண்டு தடவை சொன்னான். வீட்டுக்காரர் பேர் சொன்னான். வாசலில் கிணறு என்றானா, முருங்கைமரம் என்றானா? பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்கவில்லை.